உள்கால் அளவு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் இருமல் நின்றதா, இல்லை பக்கத்து அறைக்காரர் வீடு மாற்றிக்கொண்டு போகும்வரை இருமுவதாக உத்தேசமா? இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் சுகம்தான். அத்தானின் வலது தோள் சுகமில்லை.

இருபத்தெட்டு வருஷமாக ஒரே கழிமுகத்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் துடுப்புப் போட்டுக் கடந்த தோள். ஒரு நாளைக்கு ஆறு நடை, நடைக்குப் பன்னிரண்டு பேர். போன வாரம் சட்டையைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார். கூப்பிடுகிற ஆளா அவர்? இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "துடுப்பை விடுங்க, இல்லைன்னா தோளை விடுங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தான், "உன் தம்பி மோட்டார் கடையிலதானே இருக்கான்?" என்றார்.

ஆகவே படகுக்கு ஒரு மோட்டார் வேண்டும். எது பொருந்தும் என்று நீதான் சொல்ல வேண்டும். பத்து வருஷமாக அந்தக் கடையில் இருக்கிறாய், அதுகூடத் தெரியாமலா போகும்?

ஒரு விஷயம் மறந்துவிடாதே. அத்தானுக்கு எழுத்து வராது. உன் கடிதத்தைச் சாப்பாடு முடிந்ததும் நான்தான் உரக்க வாசித்துக் காட்டுகிறேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் தனித் தாளில் திட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

—

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருமல் நின்றுவிட்டது. பக்கத்து அறைக்காரர்தான் இப்போது இருமுகிறார், என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது. தோளுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? அத்தான் வேண்டாம் என்பார். கேட்காதே, கொடு.

மோட்டார் விஷயம். எத்தனை குதிரைசக்தி என்று எல்லாரும் கேட்பார்கள்; அது அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது ஷாஃப்ட் நீளம். படகின் பின்பலகையில் மாட்டிய மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் தண்டு அது. கடையில் நாங்கள் அதை மோட்டாரின் கால் என்போம். குட்டைக்கால் பதினைந்து அங்குலப் பலகைக்கு, நெட்டைக்கால் இருபது அங்குலப் பலகைக்கு. மாற்றி மாட்டினால் வம்பு. கால் நீண்டுவிட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், தரை தட்டும். குட்டையாகிவிட்டால் அதைவிட மோசம்: நுனியில் சுழலும் விசிறி தண்ணீரைப் பிடிக்காமல் காற்றைக் குடிக்கும், மோட்டார் கத்தும், படகு நகராது.

பயந்துவிடாதே, உன் தொழில்தான் இது. ஒருத்தருக்குப் பேன்ட் தைக்கிற மாதிரிதான், கால் நீளம் தெரிந்தால் போதும். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து நேராக அடிவரை அளந்து எழுது. பலகை சாய்ந்திருக்கும், சாய்வோடு போகாமல் நேராக அளக்க வேண்டும். உன் நாடாவே போதும்.

அத்தான், மோட்டார் வந்ததும் முதல் நடையில் எனக்கு ஒரு இடம். சீக்கிரம் வருகிறேன்.

தம்பி

—

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். ஒத்தடம் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஆபரேஷன் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறார்.

நேற்று அளவெடுக்கும் வைபவம் நடந்தது. படகைக் கரைக்கு இழுக்க நாலு பேர் வேண்டும், அத்தானின் தோள் இருக்கிற இருப்பில் நான் விடவில்லை. துறைக் கட்டையில் கட்டியபடியே அளந்தோம். நான் பின்பலகை ஓரமாக மண்டிபோட்டு உட்கார்ந்து மேல் விளிம்பில் நாடாவைப் பிடித்தேன். நுனியை அத்தான் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டார். கூச்சத்தில் விரலைச் சுருட்டி, சுருட்டி, மூன்று தடவை அளவு தப்பியது. "காலை ஆட்டாம நில்லுங்க, பேன்ட் குட்டையாப் போயிடும்" என்றேன். கரையில் நின்றிருந்த கணக்கு டீச்சர் சிரித்த சிரிப்பில் குடையைத் தவறவிட்டார். தினமும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர், எங்கள் முதல் நடை வாடிக்கை.

நேராகத்தான் அளந்தேன், சாய்வோடு போகவில்லை. பதினைந்தரை அங்குலம். நாடா புதுசு.

இனி உன் பாடு. அத்தான் தினமும் சாயங்காலம், "தம்பிகிட்டேருந்து ஒண்ணும் வரலையா?" என்று கேட்கிறார். இந்த ஆளை இத்தனை ஆசையோடு பார்த்து எத்தனை வருஷமாயிற்று.

உன் அக்கா

—

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதினைந்தரை என்றால் குட்டைக்கால்தான். கடையில் ஒன்று தயாராகவே இருந்தது, நேற்று லாரியில் ஏற்றிவிட்டேன். பெட்டியைத் திறக்கும்போது மேலே இருக்கும் மூடியை உடைத்துவிட வேண்டாம் என்று அத்தானிடம் சொல். அக்கரை மெக்கானிக்கை வைத்து மாட்டுங்கள்.

கடை விதிப்படி எங்களில் ஒருவர் நேரில் போய் அளந்திருக்க வேண்டும். நம் வீட்டுப் படகுதானே என்று படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொரு செய்தி. அடுத்த மாதம் முதல் கவுண்ட்டர் பொறுப்பு எனக்கு. உட்கார நாற்காலி உண்டு. பத்து வருஷம் நின்ற கால், நம்பமாட்டேன் என்கிறது.

அவசரமாக எழுதுகிறேன்.

தம்பி

—

மார்ச் 15

கவுண்ட்டர் முதலாளிக்கு,

நாற்காலி எப்படி இருக்கிறது? அக்கம்பக்கத்தில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சுகமாக இரு.

மோட்டார் வந்து, மாட்டி, ஒரு வாரம் ஆகிறது. கரையோரம் ஓட்டிப் பார்த்த அன்று அத்தான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கையை மோட்டாரில் வைத்துக்கொண்டு மறு கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கரைக்கு முன்பு இருபது நிமிஷம், இப்போது ஏழு. டீச்சர் தன் கடிகாரத்தில் பார்த்துச் சொன்னார்.

ஒரே ஒரு குறை. அமைதியான தண்ணீரில் ஒன்றுமில்லை. நடு நீரோட்டத்தில் அலை வந்து பின்பக்கத்தைத் தூக்கினால் மோட்டார் ஓவென்று கத்துகிறது. சத்தம்தான் ஏறுகிறது, படகு போகிற வேகம் செத்துவிடுகிறது. நாலைந்து நொடியில் சரியாகிவிடும். "எனக்கு இன்னும் கை பழகலை, அதான்" என்கிறார் அத்தான். மெக்கானிக் மாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார், திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். நீ என்ன நினைக்கிறாய்? ஏதாவது திருகை முடுக்க வேண்டுமா?

முதல் நடையில் இடம் கேட்டாயே, ஆளைக் காணோம்.

உன் அக்கா

—

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கவுண்ட்டருக்கு வந்தபிறகு மூச்சுவிட நேரமில்லை. இங்கே நல்ல வெயில். என் அறைக் குழாயின் கசிவு நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் வாளி ஒன்று கொடுத்தார். பக்கத்து அறைக்காரருக்கு இருமல் குறைந்துவிட்டது. புதிதாக ஒரு கைக்கடிகாரம் வாங்கலாமா என்று யோசனை.

மோட்டார் கத்துவது பற்றிக் கேட்டிருந்தாய். புதுசு அப்படித்தான் இருக்கும். பின்பக்கம் கனம் இருந்தால் கத்தாது. கனமான ஆட்களாகப் பார்த்துப் பின்பலகை ஓரமாக உட்காரவைக்கச் சொல். அலை அதிகமிருந்தால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம். கட்டாயம் சொல், அலை அதிகமிருந்தால் ஓட்ட வேண்டாம்.

தோள் எப்படி இருக்கிறது?

தம்பி

—

மே 8

தம்பி,

நீ நலமா என்று கேட்கக்கூட இன்றைக்குப் பொறுமையில்லை, நலமாகத்தான் இருப்பாய்.

போன திங்கட்கிழமை காலை முதல் நடை. புறப்படும்போது அலை இல்லை. நடு ஓட்டத்தில் காற்று திரும்பிவிட்டது. மோட்டார் கத்த ஆரம்பித்தது, இந்தத் தடவை நிற்கவில்லை. படகு போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அலைக்குப் பக்கவாட்டாகப் படுத்துவிட்டது. நீ எழுதியபடி அத்தான் டீச்சரைப் பின்பலகை ஓரமாக உட்காரவைத்திருந்தார். அவர் தூக்கி எறியப்பட்டுக் குறுக்குச் சட்டத்தில் விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அத்தான் மோட்டாரை அணைத்துவிட்டு, அந்தத் தோளோடு, துடுப்புப் போட்டுப் படகைக் கரை சேர்த்தார்.

படகுத்துறை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். "ஓட்டியவரின் கவனக்குறைவு." உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். அந்தத் தாளை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

படகு கட்டிக் கிடக்கிறது. இவர் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். "பரவாயில்லைங்க, பிள்ளைங்களுக்கு ரெண்டு மாசம் நிம்மதி" என்று அவர் சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லை.

தம்பி, ஓட்டியவரின் தவறா, வேறு ஏதாவதா என்று மோட்டார் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம். உன் கடைத் தாளில் நீ நாலு வரி எழுதினால் போதும். எழுதுவாய்தானே?

உன் அக்கா

—

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

செய்தி அறிந்து மிகவும் வருந்தினேன். டீச்சருக்கு என் வருத்தத்தைச் சொல். தோளுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், காலையும் மாலையும் தடவ வேண்டும். டீச்சருக்கு ஒரு பெட்டி பழம் தனியாக வரும்.

கடைத் தாளில் எழுத முதலாளியின் அனுமதி வேண்டும். அவர் வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் கேட்கிறேன். அதுவரை அத்தானை மோட்டார் பக்கம் போக வேண்டாம் என்று சொல்.

தம்பி

—

ஜூன் 21

தம்பிக்கு,

இது தனித் தாள். அத்தானுக்கு வாசிக்கப் போவதில்லை.

மெக்கானிக் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். நேற்று அத்தான் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவரைப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "விசிறிக்கு மேல இருக்கிற தகடு படகு அடிக்குச் சமமா நிக்கணும். இது அரைச் சாண் மேல நிக்குதே. கால் பத்தலைம்மா. அன்னைக்கு அவசரத்துல நானும் பார்க்கலை. யார் அளவெடுத்தது?" என்றார்.

யார் அளவெடுத்தது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் எடுத்தாள்.

நீ பேன்ட் மாதிரி என்று எழுதியிருந்தாய். கால் என்றும் எழுதியிருந்தாய். தையல்காரிக்குக் கால் என்றால் உள்கால்தான். உள்பக்கம் வைத்து அளப்பதுதான் என் கைக்குத் தெரியும். படகுக்குள்ளே உட்கார்ந்து, உள்ளே கிடக்கும் தரைப்பலகை வரைக்கும் அளந்து அனுப்பிவிட்டேன். தரைப்பலகைக்குக் கீழே சட்டம் இருக்கிறது, அதற்கும் கீழே படகின் வயிறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. நேற்று மெக்கானிக் என்னைப் பாவாடை நனைய இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி வெளியே அளக்கச் சொன்னார். இருபதரை.

தம்பி, உன்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கொடுத்த அளவுக்கு நீ சரியாகத்தான் கொடுத்தாய். கடைத் தாளில் கேட்டேனே, அந்தக் கடிதத்தை இனி எழுதாதே. எழுதினால் நீ நேரில் அளக்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும். இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். மெக்கானிக்கிடமும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அத்தான் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சோறு போட்டுக் காத்திருந்தேன். வந்தவர், "இனி துறைப் பக்கமே போக வேண்டாம்னு இருக்கேன். என் கைக்கு வயசாயிடுச்சு" என்றார். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் குழம்பை ஊற்றினேன்.

உன் அக்கா

—

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமா? தப்பு என்னுடையது, நீ ஏன் ஒளிந்துகொள்கிறாய்?

அத்தான் துடுப்புகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பகலில் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் டீச்சர் வீடு. அந்த நேரம் மட்டும்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது.

நேற்று, "தம்பி முதல் நடையில வரேன்னானே, பாவம், அவனுக்குக் கொடுத்து வைக்கலை" என்றார். எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

உன் அக்கா

—

ஆகஸ்ட் 22

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். தோள் எப்படி இருக்கிறது?

அக்கா, இதில் தனித் தாள் எதுவும் இல்லை. இந்தக் கடிதம் அத்தானுக்கு. ஒரு வரி விடாமல் அவருக்கு வாசி. உனக்குக் கஷ்டமாக இருக்கும் வரிகளையும் வாசி.

அத்தான், உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. மோட்டாரின் கால் ஐந்து அங்குலம் குட்டை. அந்த மோட்டாரை வைத்துக்கொண்டு நடு ஓட்டத்தில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நீங்கள் துடுப்புப் போட்டுப் பன்னிரண்டு பேரைக் கரை சேர்த்தீர்கள். என்னால் அது முடியாது, எனக்குத் தெரிந்த எவராலும் முடியாது.

அக்கா படகுக்குள்ளே அளந்துவிட்டாள். ஜூனில் அவளுக்குத் தெரிந்தது. எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்.

நாடாவின் நுனியை நீங்கள் கட்டைவிரலால் மிதித்தீர்கள் என்று அவள் எழுதியிருந்தாள். படித்துச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உறைத்தது. கட்டிக் கிடக்கும் படகின் வெளிப்பக்கத்தில் மிதிக்க என்ன இருக்கிறது, தண்ணீர்தானே? உள்ளேயா வெளியேயா என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்டு ஒரு கார்டு எழுதினேன். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். கடையில் ஒரு குட்டைக்கால் மோட்டார் இரண்டு வருஷமாக விற்காமல் நின்றது. இந்த ஊர்ப் படகுகள் எல்லாமே உயரமான பலகை. "இந்தக் குட்டையனை யார் வெளியேத்துறானோ அவனுக்குத்தான் கவுண்ட்டர்" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பார். பாதி விளையாட்டுதான், நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு வேண்டிய எண் உங்கள் வீட்டிலிருந்தே வந்தது. கேள்வி கேட்டால் அந்த எண் மாறிவிடும். ஒருவேளை உள்ளே தரைப்பலகை இல்லாத படகாக இருக்கலாம், ஒருவேளை சரியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நேரில் அளந்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

மோட்டார் கத்துகிறது என்று அக்கா எழுதியபோது ஒருவேளைகள் எல்லாம் தீர்ந்துபோயின. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பின்னால் கனம் ஏற்றுங்கள் என்று எழுதினேன். டீச்சரை அந்த இடத்தில் உட்காரவைத்தது நான்.

தப்பெல்லாம் என்னுடையது என்று அக்கா ஜூனில் எழுதினாள். அதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை அத்தான், தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு மாதம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் துடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டீர்கள் என்று படித்தபிறகு உட்கார முடியவில்லை.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துறை அலுவலகத்துக்கும் என் கையெழுத்தோடு எழுதிவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. கடை அந்த மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு நெட்டைக்கால் அனுப்பும். நான் இப்போது குடோனில் பெட்டி அடுக்குகிறேன்.

நேரில் வந்து உங்கள் முன்னால் நிற்க வேண்டும். எப்போது வரட்டும்?

தம்பி

—

செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அத்தானின் தோள் தேவலை.

உன் கடிதம் வந்த அன்று முதலில் நான் மட்டும் படித்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும், உன்னைப் பற்றிய பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, 'ஜூனில் அவளுக்குத் தெரிந்தது' என்ற அந்த ஒரு வரியை விழுங்கிவிடலாம் என்று நினைத்தேன். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஜூன் மாதத்திலிருந்து அவரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. அந்த இடம் வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அதே வரியிலிருந்து வாசித்தேன்.

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ என் கை தப்பு பண்ணலையா?" என்றார். இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன். குழந்தை மாதிரி அழுதார், தம்பி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

அழுது முடித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அளவு தப்பினதுக்கு நான் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாடாவை மிதிச்சது என் கால்தானே. ஆனா நாலு மாசமா இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து நான் செத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல உக்காந்து நீ தைச்சுக்கிட்டிருந்தே. அவன் அங்கே உக்காந்து உன் கடுதாசியைப் படிச்சுக்கிட்டிருந்தான்."

நான் கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தேன்.

உரிமம் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டு, 'பொருத்தமற்ற மோட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். நெட்டைக்கால் வந்து மெக்கானிக் மாட்டிவிட்டார். தகடு படகின் அடிக்குச் சமமாக நிற்கிறதா என்று அத்தானே தண்ணீரில் இறங்கித் தொட்டுப் பார்த்தார். என்னிடம் கேட்கவில்லை. மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "அப்போ இத்தனை ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேட்டீங்களே, அதையெல்லாம் நான் யாருக்குத் திருப்பிக் கொடுக்கிறது?" என்றாராம் டீச்சர். திங்கட்கிழமை முதல் நடையில் அவரும் ஏறினார், பின்பலகை ஓரமாக, அதே இடத்தில். ஏழு நிமிஷம்.

வீட்டில் என்னோடு பேசுகிறார். உப்பு, தண்ணீர், சாவி எல்லாம் பேசுகிறார்.

நீ எப்போது வரட்டும் என்று கேட்டிருந்தாய். அவர் சொன்ன பதில் இது, நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை: "மோட்டார் நல்லா ஓடுது. கத்தலை. இப்போதைக்கு வர வேண்டாம். எனக்குத் தோணும்போது சொல்றேன்." அன்புடன் என்று சேர்க்கட்டுமா என்று கேட்டேன். சொன்னதை மட்டும் எழுது என்றார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இதை அவரும் கேட்கப்போகிறார் என்று தெரிந்தே எழுதுகிறேன். மே மாதம் அவர், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டபோது எனக்கு எதுவும் தெரியாது. ஜூனில் தெரிந்தது. தெரிந்த அன்று அவர், என் கைக்கு வயசாகிவிட்டது என்றார். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி என்மேல் இல்லை என்று ஒரு நிம்மதி. தம்பியின் வேலைக்காக மறைத்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது பாதிதான். கேட்டுக்கொள்ளுங்கள், அது பாதிதான்.

அவரும் கேட்கப்போகிறார் என்றேனே, அதை விளக்கிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. அத்தான் இதை நாளைக்கு டீச்சரிடம் கொடுத்து, வாசித்துக் கேட்டபிறகுதான் தபாலில் போடுவாராம். இனி நீ எழுதும் கடிதங்களையும் டீச்சர்தான் அவருக்கு வாசிப்பாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

(இதன் கீழே, வேறு கையெழுத்தில், எழுத்துகள் கொஞ்சம் நடுங்கி:)

முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு அனுப்பலாம் என்றார்.